எப்படியும் நீட்டிப்பார்கள்

என் வீட்டுக்காரருக்கு ஆபீசில் வைத்த பெயர் சர்க்குலர். ஓய்வூதியப் பிரிவில் உட்கார்ந்துகொண்டு அவர் எழுதித் தள்ளிய சுற்றறிக்கைகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். இன்ன விண்ணப்பத்துக்கான கடைசி தேதி இன்ன தேதிவரை நீட்டிக்கப்படுகிறது. ஓய்வு பெற்று, கடல் தாண்டி மகன் வீட்டுக்கு வந்த பிறகும், கடைசி தேதி என்று யாராவது சொன்னால் அவருக்குச் சிரிப்புதான் வரும். மின் கட்டணத்துக்கு இன்றுதான் கடைசி என்று மகன் பதறினால், "எப்படியும் நீட்டிப்பாங்கடா, போய்ச் சாப்பிடு" என்பார். இங்கே நீட்டிக்க மாட்டார்கள், அபராதம் போடுவார்கள். மகன் கட்டியிருக்கிறான்.

எங்கள் அடுக்குமாடிக்கு எதிரே ஒரு சின்னப் பூங்கா. பேருந்து நிறுத்தத்தைப் பார்த்தபடி அதில் ஒரு நீளமான பெஞ்ச். பிள்ளைகளோடு வந்து தங்கிவிட்ட அரசு ஓய்வூதியர்கள் காலையில் அங்கேதான் கூடுவார்கள். அந்த பெஞ்சில் இவர்தான் ராஜா. உயிர்ச் சான்று, அகவிலைப்படி, நிலுவைத் தொகை என்று எந்தச் சந்தேகம் வந்தாலும் இவரைக் கேட்பார்கள். இவரும் கண்ணை மூடிக்கொண்டு, அரசாணையின் நடையிலேயே பதில் சொல்வார். வீட்டில் கடுகு டப்பா எங்கே என்று கேட்டால் தெரியாது.

அந்த வருஷம் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு புது ஏற்பாடு வந்தது. ஊரில் இருக்கும் மருத்துவக் காப்பீட்டிலேயே தொடரலாம். உடம்புக்கு முடியாமல் போனால் விமானம் ஏறிப் போய், அட்டையைக் காட்டி, அங்கே வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டியது. இங்கே அது ஒரு மாத்திரைக்குக்கூட உதவாது. இல்லையென்றால் அதிலிருந்து விலகி, மாதாமாதம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு, இருக்கும் நாட்டில் தானே ஒரு காப்பீடு தேடிக்கொள்ளலாம். எது வேண்டும் என்று இணையத்தில் பதிய வேண்டும். பதியாமல் விட்டவர்கள் தொகையைக் கேட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். மாற்றிக்கொள்ள அடுத்த வருஷம்வரை காத்திருக்க வேண்டும்.

"அந்தத் தொகைல இங்க ஒரு பல்லு பிடுங்க முடியுமா?" என்றார் இவர் பெஞ்சில். "அதுவும் நம்ம வயசுக்கு, நம்ம வியாதிக்கு, எந்தக் கம்பெனிக்காரன் நம்மளச் சேர்த்துப்பான்? ஊர்க் காப்பீடுதான் நமக்கு. அதுல சந்தேகமே வேணாம்."

"அப்ப போட்டுடலாமா சார்?" என்று கேட்டது டீச்சர்.

டீச்சர் அரசுப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். கணவர் தவறிய பிறகு மகனிடம் வந்தவர். என்னைவிட மூத்தவர். தினமும் காலையில் நானும் அவரும்தான் பூங்காவைச் சுற்றி, கடைத்தெரு வழியாக நடந்துவிட்டு வருவோம். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் அவரிடம் வாய் திறந்து பேச இங்கே என்னை விட்டால் ஆள் இல்லை. அவருக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருந்தது. ஆபரேஷனைத் தள்ளிப் போட வேண்டாம் என்று இங்கே பார்த்த டாக்டர் சொல்லிவிட்டார். கடன் வாங்கியாவது இங்கேயே செய்துவிடலாம் என்றான் மகன். டீச்சர் ஒரே பிடியாக மறுத்துவிட்டார். ஊரில் இருந்த நிலத்தை விற்றுத்தான் அவன் இங்கே வீடு வாங்க முன்பணம் கொடுத்திருந்தார். மறுபடி அவன் தலையில் ஒரு கடனா என்பார். "எனக்கு கார்டு இருக்கு. பேரப் பசங்களுக்கு லீவு விட்டதும் ஊருக்குப் போய்ப் பண்ணிக்கறேன்" என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு முழுவதும் அந்த அட்டையின் மேல்தான் நின்றது.

"அவசரப்படாதீங்க டீச்சர்" என்றார் இவர். "முதல் தடவை கொண்டு வர்ற திட்டம். நூறு ஓட்டை இருக்கும். கடைசி தேதியை எப்படியும் நீட்டிப்பாங்க. நீட்டிக்கும்போது நாலு சலுகையும் சேர்த்து அறிவிப்பாங்க. முன்னாடியே போட்டவங்களுக்கு அது கிடைக்காது. நானே அப்படி எத்தனை சர்க்குலர் எழுதியிருக்கேன் தெரியுமா?"

பெஞ்சில் மற்றவர்கள் தலையாட்டினார்கள். வீட்டுக்குப் போனதும் அவரவர் பிள்ளைகள் உட்கார வைத்துப் பதிய வைத்துவிட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது. சார் சொன்னது வேதவாக்கு என்று உண்மையாகவே காத்திருந்தது டீச்சர் ஒருவர்தான். டீச்சர் மட்டும் என்றால் போதுமா, எங்கள் வீட்டு ராஜாவும்தான்.

இவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. மாடிப்படி ஏறினால் ஒரு கணம் நின்று, யாரும் பார்க்கவில்லையே என்று பார்த்துவிட்டு, நெஞ்சைத் தடவிக்கொள்வார். "போட்டுடலாமே, போட்டா என்ன குறைஞ்சுடும்?" என்று நான் கேட்கும்போதெல்லாம், ஒரு கீழ்நிலை எழுத்தரைப் பார்ப்பது போல என்னைப் பார்ப்பார். "நீ உன் வேலையைப் பாரு" என்பார். சமையல்தான் என் வேலை என்று அவர் நினைப்பு. அவருடைய ஓய்வூதியக் கணக்கு, வங்கிக் கணக்கு எல்லாவற்றின் கடவுச்சொல்லும் என் தலைக்குள் இருப்பது அவருக்கு ஞாபகம் இருந்ததில்லை. ஊர் எண் போட்ட பழைய போனும் என் வசம்தான். அது அடுப்படி ஜன்னலில்தான் இருக்கும். அந்த இடத்தில்தான் அதற்கு சிக்னல் வரும். ரகசிய எண் ஏதாவது வந்தால் நான்தான் எட்டிப் பார்த்துப் படித்துச் சொல்வேன்.

கடைசி நாளும் வந்தது. ஊரில் அன்றைய தேதி முடியும்போது இங்கே சாயங்காலம். இவர் மத்தியானத்திலிருந்தே கூடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, துறையின் இணையதளத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். நீட்டிப்பு அறிவிப்பு எந்த நிமிஷமும் வரும் என்று ஒரு தெம்பு. நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கையில் கத்தி, மனசு ஊர் ஆஸ்பத்திரி வாசலில். அட்டை செல்லாது என்று ஒருவர் சொல்வது போலவும், இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போலவும் கண் முன்னால் வந்தது. கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தேன். என் போனில் அவர் கணக்கைத் திறந்தேன். ஊர்க் காப்பீடு என்பதைத் தொட்டேன். ஜன்னலில் பழைய போன் ஒரு முனகல் முனகியது. எண்ணைப் பார்த்துப் போட்டேன். தங்கள் விருப்பம் ஏற்கப்பட்டது என்று வந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. இதற்காகவா இத்தனை நாள் பெஞ்சில் மாநாடு போட்டார்கள்.

போனைக் கீழே வைக்கவில்லை, அதற்குள் அது அடித்தது. டீச்சர்.

"என்னம்மா, சார் என்ன சொல்றார்? பையன் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துட்டான். போட்டுடவாம்மான்னு கேக்கறான். போட்டுடலாமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் அடுப்படி வாசலில் வந்து நின்றுவிட்டார். "யாரு, டீச்சரா? பதற வேணாம்னு சொல்லு. நாளைக்குக் காலைல சர்க்குலர் வந்துடும்."

"நீட்டிப்பாங்கன்னு சொல்றார் டீச்சர்" என்றேன்.

"சரி. நீ என்ன சொல்றே?"

அதை அவர் கேட்டிருக்கவே வேண்டாம். பெஞ்சில் யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. கேட்ட ஒரே ஆள் அவர்தான். இவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். போட்டுவிடுங்கள் என்று சொன்னால், உனக்கு என் பேச்சில் நம்பிக்கை இல்லையா என்று கேட்பார். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டால் நான் செய்தது வெளியே வந்துவிடும். ஊரே கேட்கும் மனிதரின் சொல்லை அவர் பெண்டாட்டியே மதிக்கவில்லை என்று ஆகிவிடும். நாளைக்கு நீட்டித்துவிட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லையே என்றும் ஒரு எண்ணம் ஓடியது. இத்தனையும் ஓடி முடித்தும், "எனக்கு என்ன தெரியும் டீச்சர், அவர்தான் ஆபீஸ்ல இருந்தவர்" என்றுதான் என் வாயில் வந்தது.

"அதுவும் சரிதான். சாரே போடாம இருக்கும்போது எனக்கென்ன" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார் டீச்சர். நான் மறுபடி காய் நறுக்கினேன். விரல் வெட்டுப்படவில்லை. வெட்டுப்பட்டிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் சர்க்குலர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. விருப்பம் தெரிவிக்கும் காலம் முடிந்துவிட்டது என்ற ஒரே வரிதான் இணையதளத்தில் இருந்தது. "கையெழுத்துக்குப் போயிருக்கும்" என்றார் இவர். "அதிகாரி லீவுல இருப்பார்" என்றார். சில நாள் கழித்து எதுவும் சொல்வதை நிறுத்திவிட்டார். பெஞ்சுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். ஒரு காலையில் பல் தேய்க்கும் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டே வந்து, "நம்மளும் போச்சு, டீச்சரும் போச்சு. நான்தான் கெடுத்தேன்" என்றார்.

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இவருக்குப் பாதி பாரம் இறங்கியிருக்கும். ஆனால் இவரால் எதையும் மனசில் வைத்துக்கொள்ள முடியாது, நேராக டீச்சர் வீட்டுக்குப் போய்க் கொட்டிவிடுவார். டீச்சருக்குத் தெரிந்தால் அந்த போன் பேச்சும் ஞாபகத்துக்கு வரும். அதனால் வாயை மூடிக்கொண்டேன். என் பாதுகாப்புக்காகப் புருஷனைப் பயத்தில் தவிக்க விட்டேன் என்பதுதான் இதற்கு நேரான அர்த்தம்.

அந்தப் பயம் சாதாரணப் பயம் இல்லை. அட்டை இல்லாத உடம்பு என்று நினைத்துக்கொண்டு மனிதர் நடையையே மாற்றிக்கொண்டார். கைப்பிடியைப் பிடித்துப் படியிறங்கினார். எண்ணெய் வேண்டாம், உப்பு வேண்டாம் என்றார். "அடுத்த வருஷம்வரைக்கும் எனக்கு எதுவும் வரக்கூடாதுன்னு நானே ஒரு ஆர்டர் போட்டுக்கிட்டேன்" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். உங்கள் அட்டை பத்திரமாக இருக்கிறது என்று தொண்டைவரை வரும். விழுங்கிவிட்டு, உப்பில்லாத குழம்பைப் பரிமாறுவேன்.

டீச்சரோ இவரைத் தேற்றினார். "நீங்களும்தானே சார் மாட்டிக்கிட்டீங்க. வேணும்னா சொன்னீங்க? நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே மார்க், பெயில்" என்றார். கடன் வாங்கி இங்கேயே செய்துவிடலாம் என்று மகன் மறுபடி சொன்னபோதும் அவர் அசையவில்லை. என்னோடு நடக்க வருவதையும் அவர் நிறுத்தவில்லை. நடை மட்டும் சுருங்கிக்கொண்டே வந்தது. மூச்சு வாங்கும்போதெல்லாம் கடைக் கண்ணாடி முன்னால் எதையோ விலை பார்ப்பது போல நின்றுவிடுவார். முன்பெல்லாம் செருப்புக் கடையிலும் துணிக் கடையிலும் நிற்பார். அப்புறம் எந்தக் கடை என்றும் பார்ப்பதில்லை. ஒரு நாள் சுவரில் துளை போடும் மிஷினை வெகுநேரம் உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். "வாங்கப் போறீங்களா டீச்சர்?" என்றேன். "மருமக மண்டைல போடலாமான்னு பாக்கறேன்" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்ததில் அவருக்கு மறுபடி மூச்சு வாங்கியது. நான் பக்கத்தில் நின்று அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இவர் சும்மா இருக்கவில்லை. தன்னிடம் வேலை பழகிய ஒருவர் இப்போது அதே பிரிவில் அதிகாரியாக இருப்பதைக் கண்டுபிடித்து, எண் வாங்கினார். "டீச்சர் வீட்லயே வச்சுப் பேசறேன். அவங்க விவரம் கேட்டா உடனே சொல்லலாம். ரெண்டு பேருக்கும் சேர்த்தே கேட்டுடறேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டார். "நீங்க உங்களோடதக் கேக்காதீங்க, டீச்சரோடத மட்டும் கேளுங்க" என்றேன். "ஏன்?" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

டீச்சர் வீட்டுக் கூடத்தில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். துணி உலர்த்தும் ஸ்டாண்டில் பேரப் பிள்ளைகளின் சீருடைகள் தொங்கின. இவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். சார் நல்லா இருக்கீங்களா, அம்மா நல்லா இருக்காங்களா என்றார்.

"தேதி ஏன்ப்பா நீட்டிக்கல?" என்றார் இவர். குரலில் இன்னும் மேலதிகாரி.

"இப்பல்லாம் அது இல்ல சார். நம்ம காலத்துல ஃபைல், நோட்டு, கையெழுத்து. இப்ப தேதி வந்தா கம்ப்யூட்டர் தானா மூடிக்குது. நீட்டிக்கணும்னா மேல மூணு துறை சம்மதிக்கணும். யார் போய்க் கேக்கறது?"

இவர் முகம் தொங்கிப்போனது. டீச்சரின் ஓய்வூதிய எண்ணைச் சொன்னார். அந்தப் பக்கம் விசைகள் தட்டும் சத்தம். "இல்ல சார், இவங்க எதுவும் போடல. அடுத்த வருஷம்தான் பாக்கணும்" என்றார் அதிகாரி. டீச்சர் மெதுவாகத் தலையாட்டினார். அவருக்குத் தெரிந்த பதில்தான்.

"என்னோடதும் அப்படித்தானே" என்று சொல்லி இவர் தன் எண்ணைச் சொன்னார். மறுபடி விசைகள். நான் துணி ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார், உங்களோடது இருக்கே. கடைசி நாளே வந்துடுச்சு. ஊர்க் காப்பீடுதான் கேட்டிருக்கீங்க, ஏத்தாச்சு. நீங்க ஏன் சார் கவலைப்படறீங்க?"

அதிகாரி, சார், சார் லைன்ல இருக்கீங்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். இவர் முதலில் போனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் புரிந்துகொண்டுவிட்டார். என்னைக் கட்டி இத்தனை வருஷத்தில் அவருக்கு ஒரு விஷயம் இவ்வளவு சீக்கிரம் புரிந்ததில்லை.

"இருக்கேன்ப்பா. சரி, அப்புறம் பேசறேன்" என்று வைத்தார். பிறகு டீச்சரைப் பார்த்து உட்கார்ந்த இடத்திலேயே நிமிர்ந்துகொண்டார். "மன்னிச்சுடுங்க டீச்சர். கடைசி நேரத்துல பயந்துட்டேன். போட்டுட்டேன். உங்ககிட்டச் சொல்ல எனக்கு நா எழல."

நான் எழுந்து நின்று இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நாற்காலியை விட்டு அசையவில்லை. என் புருஷன் வாழ்க்கையில் முதல்முறையாக எனக்காக ஒரு பழியைச் சுமந்துகொண்டிருந்தார். நான் அவரைச் சுமக்க விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

டீச்சர் கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்தார். "பரவால்ல சார். ஒருத்தராவது தப்பிச்சீங்களே" என்றார். "டீ போடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று எழுந்துவிட்டோம். வாசல்வரை வந்து கதவைத் திறந்துவிட்டார். எப்போதும், நாளைக்குப் பார்க்கலாம் என்பார். அன்று சொல்லவில்லை.

தெருவில் இறங்கி, பூங்கா வழியாக நடந்து, பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்ததும் இவர் நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"எப்பப் போட்டே?"

"அன்னைக்கு சாயங்காலம். நீங்க கூடத்துல இருக்கும்போது."

தலையாட்டினார். "உண்மையைச் சொல்லட்டுமா? நம்மளோடது இருக்குன்னு அவன் சொன்னதும் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. டீச்சர் எதிர்ல உக்காந்திருக்காங்க, எனக்கு உள்ள அப்படி ஒரு சந்தோஷம். என்ன மனுஷன் நான்."

"ஏங்க நீங்க போட்டதா சொன்னீங்க?"

"வேற என்ன சொல்லச் சொல்றே? அவங்களுக்கு என் மேல கோவம் வந்தா என்ன, என் முகத்தைப் பாக்காம இருந்துட்டுப் போறாங்க. உன் மேல வந்தா? காலைல அவங்க கூட நடக்க யார் இருக்கா? நடுத்தெருவுல மயக்கம் வந்தா பிடிக்க ஆள் வேணாமா?" என்றார். பிறகு, "நீ எதுவும் சொல்லி வைக்காதே. இப்படியே இருக்கட்டும்" என்றார்.

கடுகு டப்பா எங்கே என்று தெரியாத மனிதர்தான் இதை யோசித்திருந்தார். வீட்டுக்கு வந்து குழம்பில் உப்புப் போட்டேன். அவர் தட்டைக் காலி செய்தார்.

அவர் சொன்னது நியாயம்தான். நான் சொன்னால் டீச்சருக்கு என்ன லாபம், வால்வு விரியப் போகிறதா என்று எனக்கு நானே கேட்டுப் பார்த்தேன். என் மனசு லேசாக வேண்டும் என்பதற்காக அவருக்கு இருக்கும் ஒரே துணையையும் பறிப்பதா என்றும் கேட்டேன். ஆனால் அவருக்குப் பக்கத்தில் நடக்கிற ஒவ்வொரு நாளும் நான் நல்லவள் வேஷம் போட வேண்டியிருக்கும். அதை என்னால் செய்ய முடியாது என்று மட்டும் தெரிந்தது.

மறுநாள் காலை டீச்சர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் வீட்டு வாசலில் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். வழக்கம் போல நடந்தோம். பேரப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் தண்ணீர் பாட்டிலைத் தொலைத்ததைப் பற்றிச் சொன்னார். கடைத்தெருவுக்கு வந்ததும் ஒரு கண்ணாடி முன்னால் நின்றார். உள்ளே பெயிண்ட் டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அவர் மூச்சு ஒரு நிலைக்கு வரும்வரை காத்திருந்தேன்.

"டீச்சர், அவர் போடல. நான்தான் போட்டேன். அவருக்கே நேத்துதான் தெரியும்."

அவர் பெயிண்ட் டப்பாக்களிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "தெரியும்மா" என்றார். "அந்தப் பழைய போன் உங்க அடுப்படி ஜன்னல்லதானே இருக்கும். சாருக்கு அதுல ஒரு மெசேஜ் திறக்கத் தெரியுமா? எத்தனை வருஷம் பசங்க சொல்ற பொய்யக் கேட்டிருக்கேன். சார் ரொம்ப மட்டமா பொய் சொல்றார்."

நான் அழ ஆரம்பித்தேன். அவர் தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றார். "அன்னைக்கு நான் போன் பண்ணினேன் இல்ல. அப்பவே போட்டாச்சா? இல்ல, அதுக்கப்புறம் போட்டியா?"

அதற்கப்புறம் என்று சொல்லிவிடலாம். என் பேச்சு முடிந்த பிறகு பயம் வந்தது, அப்புறம்தான் போட்டேன் என்று சொன்னால் நம்பக்கூடிய பொய்தான். யாரும் சரிபார்க்க முடியாது. அவரும் அந்தப் பதிலைத்தான் எதிர்பார்க்கிறாரோ என்று தோன்றியது. அதற்கு இடம் விட்டுத்தான் கேட்டிருந்தார்.

"போட்டாச்சு டீச்சர். நீங்க கூப்பிடறதுக்கு முன்னாடியே போட்டாச்சு."

கடைக்காரர் உள்ளிருந்து எங்களைப் பார்த்துவிட்டு, வாங்குகிற ஆட்கள் இல்லை என்று திரும்பிக்கொண்டார்.

"பையன் கம்ப்யூட்டர் முன்னாடிதான் உக்காந்திருந்தான்" என்றார் டீச்சர். என்னிடம் சொன்னது போல இல்லை. பிறகு கோட்டுப் பொத்தானைச் சரி செய்துகொண்டார். "அடுத்த வருஷம் எப்பத் திறக்கறாங்கன்னு சார் கிட்டக் கேட்டு வை. முதல் நாளே போட்டுடலாம்."

"சரி டீச்சர்."

"அதுவரைக்கும் கொஞ்சம் மெதுவா நட. நீ வேகமா போயிடறே."

நான் அவர் கையைப் பிடித்துக்கொள்ளப் போனேன். அவர் கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். நான் என் நடையைக் குறைத்து அவர் பக்கத்திலேயே போனேன். அடுத்த கடை வருவதற்கு முன்பே அவர் நின்றார். அங்கே பார்ப்பதற்கு ஒரு கண்ணாடிகூட இல்லை, வெறும் சுவர்தான் இருந்தது.